5993: கார்டை நிறுத்தும் நாலு எண்

வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்பது போல ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். விற்பவர் விற்கத் தயார். வாங்குபவர் வாங்கத் தயார், வயது முப்பத்தைந்து. கணக்கில் பணம் இருக்கிறது. கார்டு காலாவதி ஆகவில்லை. நெட்டும் நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் பணம் நகர மாட்டேன் என்கிறது. கோளாறு எங்கே?

"சர்வர் டவுன் சார்" என்று சொல்லும் கடைசி பெஞ்ச் நண்பருக்கு அரை மார்க் போடலாம். சரியான விடை: கோளாறே இல்லை. எல்லா இயந்திரமும் சொன்னபடி வேலை செய்ததால்தான் பணம் போகவில்லை.

இது அமெரிக்காவில் இணையத்தில் ஈ-சிகரெட் வாங்கப் போகிறவர்கள் பலர் பார்த்த அனுபவம். அங்கே இதற்கு 'வேப்' என்று செல்லப் பெயர். ஈ-சிகரெட் என்றால் என்ன என்று எலக்ட்ரிகல் பிரிவு நண்பர்களுக்குச் சுருக்கமாக: ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு ஹீட்டிங் காயில், காயிலை ஒட்டிப் பஞ்சு, பஞ்சில் ஊறிய திரவம். திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை, பெரும்பாலும் நிகோடின். உறிஞ்சினால் காயில் சூடாகும், திரவம் ஆவியாகி வாய்க்கு வரும். நம் லேபிலேயே செய்துவிடலாம் போலிருக்கும். செய்துவிடாதீர்கள்! 2019 செப்டம்பர் 18-ல் அவசரச் சட்டமாக வந்து, அந்த டிசம்பரிலேயே முழுச் சட்டமான தடைப்படி இந்தியாவில் ஈ-சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (பெட்டிக்கடையில் சாதா சிகரெட் தாராளமாகக் கிடைக்கிறதே என்று கேட்காதீர்கள். அது வேறு கட்டுரை.)

அப்படியென்றால் நமக்கு ஏன் இந்த அமெரிக்கக் கதை? வேப்புக்காக இல்லை. பணத்தை நிறுத்தும் அந்த ஏற்பாட்டுக்காக. நாளைக்கு நம்மில் சிலர் இதே மாதிரி சாஃப்ட்வேரை எழுதப் போகிறோம், பராமரிக்கப் போகிறோம். அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கார்டு பேசும் மொழி

கார்டு வியாபாரத்தில் நாலு பேர். வாங்குபவர், அவருக்குக் கார்டு கொடுத்த வங்கி, கடைக்காரர், கடைக்காரருக்குக் கார்டு வாங்கும் வசதி செய்து கொடுத்த வங்கி. இரண்டு வங்கிகளுக்கும் நடுவே விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நெட்வொர்க். நாம் 'பே' பட்டனை அமுக்கியதும் கடைக்காரர் பக்கத்திலிருந்து ஒரு செய்தி புறப்பட்டு, நெட்வொர்க் வழியாக, கார்டு கொடுத்த வங்கிக்குப் போய்ப் பதிலோடு திரும்புகிறது. போய் வர ஓரிரு விநாடி.

அந்தச் செய்திக்கு ஓர் இலக்கணம் உண்டு. ஐ.எஸ்.ஓ. 8583 என்று பெயர். முதல் பதிப்பு 1987. நம்மில் பலர் பிறப்பதற்கு முன்னால் எழுதியது. ஆனாலும் உலகக் கார்டு வியாபாரத்தில் பெரும்பகுதி இன்றைக்கும் இதன் மேல்தான் ஓடுகிறது. செய்தியின் தலையில் 0100 என்று இருந்தால் 'அனுமதி கேட்கிறேன்' என்று பொருள். 0110 என்றால் அதற்குப் பதில். உள்ளே எண் போட்ட கட்டங்கள். இரண்டாவது கட்டத்தில் கார்டு எண். நாலாவதில் தொகை, 12 இலக்கத்தில்: 45 டாலர் என்றால் 000000004500. 22-வது கட்டம், கார்டு எப்படி வந்தது என்று சொல்லும்; சிப் வழியாக வந்தால் 05 என்று தொடங்கும், கையால் தட்டினால் 01. 43-ல் கடையின் பெயரும் ஊரும், மொத்தம் 40 எழுத்துக்குள் அடங்க வேண்டும். (நம் ஊர்க் கடைப் பெயர்கள் சிலது இதில் அடங்காது!)

18-வது கட்டத்தில் நாலே நாலு இலக்கம். இதுதான் நம் கதையின் நாயகன். வில்லன் என்பாரும் உண்டு. மெர்ச்சண்ட் கேட்டகரி கோட், சுருக்கமாக எம்.சி.சி. கடை எந்த வகை என்று சொல்லும் எண். 5411 என்றால் மளிகை, 5812 என்றால் ஓட்டல், 5912 மருந்துக்கடை, 7995 சூதாட்டம். 5993 என்றால் சுருட்டு, சிகரெட், புகையிலைக் கடை. வேப் கடைகளும் இந்தப் பட்டியில்தான் அடைபடும்.

இப்போது, செய்தியில் எது இல்லை என்று பாருங்கள். என்ன பொருள் வாங்கினார் என்று சொல்ல சாதாரணக் கார்டுச் செய்தியில் கட்டம் கிடையாது. நிகோடின் திரவமா, வெறும் சார்ஜர் ஒயரா, வங்கிக்குத் தெரியாது. வாங்குபவரின் வயது? அதற்கும் கட்டம் இல்லை. அமெரிக்காவில் முகவரிச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. அது வீட்டு எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பிறந்த தேதியைப் பார்க்காது.

பதில் 39-வது கட்டத்தில் வரும். 00 என்றால் சரி. 51 என்றால் கணக்கில் காசு போதாது. 54 என்றால் கார்டு காலாவதி. 57 என்றால் இந்தக் கார்டுக்கு இந்த வகை வியாபாரம் அனுமதி இல்லை. 05 என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், 'ஏற்க வேண்டாம்', அவ்வளவுதான். காரணம் கிடையாது. ஹாஸ்டல் வார்டன் பாஷையில் சொன்னால், "முடியாதுன்னா முடியாது, போ!"

ஆக, வேப் பணத்தை மறுக்க விரும்பும் வங்கிக்கு வேண்டியது என்ன? 18-ல் 5993 இருந்து, 22-ல் கார்டு நேரில் வரவில்லை என்று தெரிந்தால், 39-ல் 05 போடு. சி லாங்குவேஜ் பாதி படித்தவர்கூட எழுதிவிடுவார். இத்தனை எளிதாக இருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

"ரிஸ்க்குன்னா எங்கடா போறது?"

கார்டு கொடுத்த வங்கி மறுப்பது ஒரு வகை. அதைவிட ஆழமாக வெட்டுவது கடைக்காரரின் வங்கி மறுப்பது. அங்கே ஒவ்வொரு பணமாக நிற்காது; கடையே நின்றுவிடும்.

என் பெரியப்பா மகன் டெக்சாஸில் ஒரு வேப் கடையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். 2021-ல் ஒரு நாள் ராத்திரி போன்.

"தம்பி, நேத்து வரைக்கும் ஓடிச்சுடா. காலைல ஒரு மெயில். உங்க வியாபாரம் எங்க ரிஸ்க் கொள்கைக்குப் பொருந்தலைன்னு ஒத்த வரி. கவுண்டர்ல மிஷின் ஓடுது, வெப்சைட்ல ஓடல. அதே கடை, அதே சரக்கு, அதே முதலாளி."

"ஏண்ணே, சட்டப்படி ஏதாச்சும் தப்பா?"

"லைசென்ஸ் இருக்கு. வரி கட்டறாங்க. 21 வயசு ஆச்சான்னு ஐ.டி. பார்க்கறாங்க. தப்புன்னு சொன்னா கோர்ட்டுக்குப் போகலாம். ரிஸ்க்குன்னா எங்கடா போறது?"

அதுவரை வந்த விற்பனைப் பணத்தில் ஒரு பகுதியை ஆறு மாதம் பிடித்து வைத்துக்கொண்டார்களாம். ஆர்டர் பார்சல் கட்டிய நாலு பேருக்கு அந்த மாதமே வேலை போனது. அண்ணனுக்கு அடுத்த மாதம். இப்போது அவர் வேறு ஊரில், வேறு வேலையில் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அந்தக் கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

வங்கி பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். வீட்டுப் பையன் அப்பா கார்டில் வேப் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கணக்கு வருகிறது. "நான் வாங்கவே இல்லை" என்று அப்பா வங்கியில் புகார் கொடுக்கிறார். பணம் திரும்பிப் போக வேண்டும். கடைக்காரர் கொடுத்தால் சரி. கடையை மூடிக்கொண்டு போய்விட்டால் கடைக்காரரின் வங்கி தலையில் விழும். ஆறு மாதம் பணத்தைப் பிடித்து வைப்பது அதற்காகத்தான். அதோடு நெட்வொர்க் கம்பெனிகளின் விதியும் இருக்கிறது. நேரில் கார்டு காட்டாமல் புகையிலை விற்கும் 5993 கடைகளை, ஆன்லைன் சூதாட்டம், ஆபாசத் தளங்கள் இவற்றோடு சேர்த்து அதிக ரிஸ்க் வரிசையில் வைத்து, தனியாகப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பதிவுக்குக் கட்டணம், கண்காணிப்பு, தப்பு நடந்தால் அபராதம். சின்ன லாபத்துக்கு இத்தனை தொல்லை எதற்கு என்று பல வங்கிகள் கதவையே சாத்திவிடுகின்றன.

விதி மீறிய கடை என்று ஒரு வங்கி வெளியேற்றினால், 'மேட்ச்' என்று மாஸ்டர்கார்டு வைத்திருக்கும் பட்டியலில் பெயர் ஏறலாம். ஏறினால் 5 வருடம். புதிய வங்கிக்குப் போனால், அவர்கள் முதலில் திறந்து பார்ப்பது அந்தப் பட்டியலை. நம்ம ஊரில் 'நடத்தைச் சான்றிதழ்' கேட்பார்களே, அதன் தலைகீழ் வடிவம்!

இது எங்கே தொடங்கியது?

வேப் வருவதற்கு முன்பே சிகரெட்டில் தொடங்கியது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் மாநில வரி இல்லாமல் சிகரெட் விற்றன. வாங்குபவர் வயதை யாரும் கேட்கவில்லை. மாநில அரசுகள் வழக்குப் போட்டு அலுத்துவிட்டன. ஒரு தளத்தை மூடினால் ஒன்பது தளம் முளைத்தது. 2005 மார்ச்சில் ஒரு புது வழி கண்டார்கள். மாநில அட்டர்னி ஜெனரல்களும், மத்திய அரசின் ஏ.டி.எஃப். துறையும் பெரிய கார்டு நிறுவனங்களோடு பேசி, சட்டவிரோத சிகரெட் தளங்களுக்குக் கார்டு வசதி கொடுப்பதில்லை என்று ஒத்துக்கொள்ள வைத்தார்கள். கவனியுங்கள், புதுச் சட்டம் ஏதும் வரவில்லை, ஒப்பந்தம்தான்.

பலன் இருந்ததா? இருந்தது. இதை ஆராய்ந்து நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தார் 2011-ல் வெளியிட்டார்கள். கார்டு வாங்கும் தளங்கள் பெருமளவு குறைந்தன, தளங்களுக்கு வருவோர் கூட்டமும் குறைந்தது. ஆனால் பல தளங்கள் செக்குக்கு மாறிக்கொண்டன. தண்ணீர் போன வழியை அடைத்தால் வேறு வழி தேடும் என்பது சிவில் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து 2006. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக அமெரிக்கப் பாராளுமன்றம் சட்டமே போட்டது. சட்டவிரோதப் பந்தயப் பணத்தை வங்கிகளே கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும் என்றது. இது நேர்மையான வழி என்பது என் கருத்து. சட்டம் வெளியில் இருக்கிறது, படிக்கலாம், எதிர்த்து வழக்குப் போடலாம்.

வேப் விஷயத்தில் நடந்தது இரண்டுக்கும் நடுவில் ஒரு குழப்பம். 2019-ல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் கடந்த 30 நாளில் வேப் பிடித்ததாகக் கணக்கெடுப்பில் சொன்னார்கள். அதே வருடம் நுரையீரல் பாதிப்பு ஒன்று பரவி, 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தோ இறந்தோ போனார்கள். இறந்தவர் மட்டும் 68. இதற்கு முக்கியக் காரணமாகக் கண்டது, கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட். நாடே பயந்துபோனது, பயப்பட வேண்டிய விஷயம்தான். 2019 டிசம்பரில் புகையிலை வாங்கும் வயதை நாடு முழுக்க 21 ஆக்கினார்கள். 2020 டிசம்பரில், சிகரெட்டைத் தபாலில் அனுப்புவதைத் தடுக்கும் 'பாக்ட்' சட்டத்தில் ஈ-சிகரெட்டையும் சேர்த்தார்கள். 2021 மார்ச், ஏப்ரலில் ஃபெடெக்ஸ், யு.பி.எஸ். இரண்டும் வேப் பார்சலை நிறுத்தின. அக்டோபரில் அரசுத் தபால் துறை நிறுத்தியது.

அந்தச் சட்டம் விற்பவருக்கும் பார்சல் கொண்டு போகிறவருக்கும் கட்டளை போடுகிறது: வயதைச் சரிபார், வரி கட்டு, மாதக் கணக்குக் கொடு, பெரியவர் கையெழுத்து வாங்கிப் பார்சலைக் கொடு. இத்தனையும் செய்தால் தனியார் கூரியர் வழியாக ஆன்லைன் விற்பனை அங்கே சட்டப்படி நடக்கலாம் (சில மாநிலங்கள் தனியே தடை வைத்திருக்கின்றன). எல்லா வேப் பணத்தையும் மறு என்று கார்டு வங்கிகளுக்கு அதில் கட்டளை இல்லை. வங்கிகள் தாமாகவே ஒரு படி மேலே போய் நின்றுகொண்டன. அண்ணனுக்கு மெயில் வந்தது இந்த 2021-ல்தான்.

குருட்டுக் காவல்காரன்

என் குறை இதுதான். நாலு இலக்கத்தால் நல்ல கடை எது, கள்ளக் கடை எது என்று சொல்ல முடியாது. 2021 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதன்முதலாக ஒரு ஈ-சிகரெட்டுக்கு விற்பனை அனுமதி கொடுத்தது. பிறகு இன்னும் சிலவற்றுக்குக் கொடுத்தது. அங்கே கடைகளில் தொங்கும் பெரும்பாலான சரக்குக்கு அந்த அனுமதி இல்லை. அனுமதி பெற்றதும் பெறாததும் 18-வது கட்டத்தில் ஒரே 5993.

அதைவிட வேடிக்கை, 5993 என்று ஒழுங்காக எழுதிக் கொடுத்த கடைக்காரர்தான் மாட்டுகிறார். "நான் டி-ஷர்ட் கடை" என்று பொய் சொல்லி வேறு எண் வாங்கியவருக்குப் பணம் தாராளமாகப் போகிறது. இந்தத் திருட்டுக்குப் பெயரே இருக்கிறது, பரிவர்த்தனைச் சலவை. வெளியே ஒரு போலிக் கடையின் தளம், உள்ளே வேப் வியாபாரம். அவரிடம் பதினாறு வயதுப் பையன் தன் டெபிட் கார்டைக் கொடுத்து வாங்கினால் எந்த மணியும் அடிக்காது. சிகரெட்டை விட்டொழிக்க வேப் பக்கம் வந்த ஐம்பது வயதுக்காரர், வயது பார்க்கும் நேர்மையான தளத்தில் வாங்கினால் 05!

நேர்மையான கடைகளும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவில் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நேரே பணம் எடுக்கும் ஏ.சி.எச். முறை உண்டு. அந்தச் செய்தியில் எம்.சி.சி. கட்டமே கிடையாது. எனவே 'எலக்ட்ரானிக் செக்' என்று போட்டுக் கடையை ஓட்டுகிறார்கள். ஆனால் கார்டில் ஏமாந்தால் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்குவது வாடிக்கையாளருக்கு எளிது. இதில் அத்தனை எளிது இல்லை.

பிள்ளைகளிடம் போய்ச் சேரக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. 2019-ல் 27.5 ஆக இருந்த உயர்நிலைப் பள்ளி எண்ணிக்கை 2024-ல் 7.8 சதவீதம் ஆகியிருக்கிறது, சந்தோஷமான செய்தி. அதற்கு வயது உயர்வு, சரக்குக் கட்டுப்பாடு, பிரசாரம் எனப் பல காரணம் சொல்வார்கள். பிறந்த தேதி பார்க்கத் தெரியாத ஒரு செய்தி அமைப்புக்கு அதில் எத்தனை பங்கு என்று எனக்குச் சந்தேகம். வாசலில் ஐ.டி. பார்த்துக் கையெழுத்து வாங்கும் கூரியர்காரரை நான் அதிகம் நம்புவேன்.

இன்னொரு கவலையும் உண்டு. இந்த ஆயுதம் வேப்போடு நிற்பதில்லை. 2011-ல் அமெரிக்காவின் வங்கி டெபாசிட் காப்பீட்டு அமைப்பு, ரிஸ்க்கான வியாபாரங்கள் என்று ஓர் உதாரணப் பட்டியல் போட்டது. புகையிலையோடு பட்டாசு, பழைய நாணய வியாபாரம், துப்பாக்கித் தோட்டா, டேட்டிங் சேவை எல்லாம் அதில் இருந்தன. சிவகாசிக்காரர்கள் கவனிக்க! வங்கிகள் அதையே கட்டளையாக எடுத்துக்கொள்கின்றன என்று கூச்சல் எழுந்து, 2014-ல் பட்டியலை எடுத்துவிட்டார்கள். 2022-ல் துப்பாக்கிக் கடைகளுக்கென்று 5723 என்று தனி எண் வந்தது. கலிபோர்னியா அதைக் கட்டாயமாக்கியது. வேறு பல மாநிலங்கள் அந்த எண்ணைப் பயன்படுத்தவே கூடாது என்று சட்டம் போட்டன. நாலு இலக்கத்துக்காக மாநிலங்கள் சண்டை போட்ட கதை வேறெங்காவது உண்டா? 2025 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி, சட்டபூர்வமான தொழில் செய்பவருக்கு வங்கிகள் அரசியல், மத காரணம் காட்டி, அல்லது தொழிலின் பெயரை மட்டும் பார்த்துச் சேவை மறுக்கக்கூடாது என்று ஆணை போட்டார். ஆனால் நிர்வாக ஆணை சட்டம் ஆகாது. அடுத்து வருபவர் ஒரு கையெழுத்தில் எடுத்துவிடலாம்.

இதே எண்ணை நல்லபடியாகப் பயன்படுத்தியவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் மோன்சோ என்ற வங்கி 2018-ல் ஒரு வசதி கொண்டுவந்தது. சூதாட்டப் பழக்கத்திலிருந்து வெளிவர விரும்பும் வாடிக்கையாளர், தன் மொபைலில் தானே ஒரு பட்டனைத் தட்டலாம். அதன் பிறகு 7995 என்று வரும் பணத்தை வங்கி மறுத்துவிடும். மனம் மாறித் திரும்பத் திறக்க வேண்டும் என்றால் உடனே முடியாது. 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதே கட்டம், அதே நாலு இலக்கம். பூட்டுச் சாவி மட்டும் கார்டுக்காரர் கையில். வேப்பை விட நினைக்கிறவருக்கு 5993-க்கு இப்படி ஒரு பட்டன் கொடுத்தால் நான் கைதட்டுவேன்.

நம்ம ஊருக்கு வருவோம். அட்டை மேல் ஒட்டியிருக்கும் யு.பி.ஐ. க்யூஆர் படத்துக்குள்ளும் எம்.சி. என்று ஒரு இடம் உண்டு. அதே வகை எண் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. நம்பாதவர்கள் பணம் அனுப்பும் ஆப்பை விட்டுவிட்டு, வெறும் ஸ்கேனர் ஆப்பில் பிடித்துப் பாருங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து அப்படியே தெரியும். இந்தக் கட்டுரைக்காக எங்கள் காலேஜ் வாசலில் ஐந்து கடையில் பிடித்துப் பார்த்தேன். டீக்கடையில் ஓட்டல் எண் சரியாக இருந்தது. ஜெராக்ஸ் கடையில் 5411 இருந்தது, அதாவது மளிகை! "என்னண்ணே, மளிகைக்கடைன்னு போட்டிருக்கே?" என்று கேட்டேன். "அட்டை ஒட்ட வந்த பையன் என்னமோ தட்டினான் தம்பி. காசு வருதுல்ல?" என்று சொல்லிவிட்டு அடுத்த ரெக்கார்டு நோட்டைப் பைண்டிங்குக்கு எடுத்துவிட்டார்.